நுவரெலியாவுக்குப் போகலாமா?

அன்புள்ள ஐயா,

ஏப்ரலில் மதுரையிலிருந்து கொழும்பு சென்று கண்டி, நுவரெலியா, எல்ல என்று சுற்றிவர, புயலுக்கு முன்பே டிக்கெட் எடுத்திருந்தோம். டித்வா புயலுக்குப் பிறகு வீட்டில் இரண்டு கட்சி. இத்தனை பேர் செத்த இடத்தில் சுற்றுலாவா என்கிறார் மனைவி. ஒன்பது வளைவுப் பாலத்தில் படம் எடுத்தே தீரவேண்டும் என்கிறான் மகன். பணமும் முழுதாகத் திரும்பாதாம். போகலாமா?

எஸ்., திருமங்கலம்

அன்புள்ள எஸ்.,

போகலாம். டிக்கெட் பணத்தை விமானக் கம்பெனியிடம் கேளுங்கள், என்னிடம் எதற்கு? அங்கே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று படிகளில் வெளியிடுகிறது. சிவப்பு என்றால் மலை ஏறாமல் கடலோரத்துக் காலி நகரைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

என்னை உறுத்தியது வேறு. 2025 நவம்பர் 28 அன்று கரையேறிய அந்தப் புயலில் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். மலை மாவட்டங்களில்தான் அடி அதிகம். அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி உண்டா? மதுரை, இராமநாதபுரம், திருச்சி ஜில்லாக்களிலிருந்து தேயிலைக்கு ஆள்பிடித்துக் கொண்டுபோன சனத்தின் வம்சம் ஐயா அது!

எங்கள் தெருவில் சிலோன்கார அப்பத்தா என்று ஒருவர் இருந்தார். தோட்டத் தமிழரை இரண்டு நாடுகளும் பங்கு போட்ட 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் ஐந்தேகால் லட்சம் தலைகளை இந்தியாவின் பங்கில் எழுதினார்களே, அதில் ஒரு தலை. சாயத்தண்ணீரில், அதாவது பாலில்லாத் தேநீரில், சர்க்கரை போடமாட்டார். உள்ளங்கையில் வெல்லத்துண்டு, ஒரு கடி, ஒரு மடக்கு. இங்கே அடைமழை பிடித்தால் அவருக்கு உறக்கம் கிடையாது. அவருடைய தம்பி அங்கே பதுளைப் பக்கம் லயத்திலேயே தங்கிவிட்டார். "மேட்டு மண் ஊறியிருக்குமே" என்று அப்பத்தா புலம்பிக்கொண்டே இருப்பார்.

லயம் என்றால் குடும்பத்துக்கு ஓர் அறை, பத்தடிக்குப் பன்னிரண்டடி. வெள்ளைக்காரன் காலத்து வரிசை வீடுகளில் இன்றும் ஆட்கள் இருக்கிறார்கள். 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் அப்படிப்பட்ட லயங்கள் ஆட்களோடு புதைந்தன. அந்தச் சரிவு ஆபத்தானது என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். எங்கே போவது? வீடும் தோட்டத்துடையது, நிலமும் தோட்டத்துடையது. நான்கு கம்பு நட்டுக் குடிசை போட ஒரு துண்டுக் காணி கிடையாது. வேலையை விட்டால் கூரையும் போய்விடும். இருநூறு வருடமாக இதே கதை. கடைசியில் இயற்கைச் சீற்றம் என்று எழுதிக் கோப்பை மூடிவிடுகிறார்கள். எனக்கு ஆத்திரம் தாளவில்லை.

உங்கள் மனைவி சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் நம் பக்கம் கேதம் கேட்கப் போகாதவனைத்தானே ஏசுவார்கள்? போன இடத்தில் விருந்து கேட்கக்கூடாது, அவ்வளவுதான். பையன் பாலத்தில் படம் எடுக்கட்டும். இடிந்த வீட்டின் முன் நின்று எடுத்தால் ஃபோனைப் பிடுங்கிவிடுங்கள். மலை ரயிலை நம்பித் திட்டம் போடாதீர்கள், பாதை பல இடங்களில் சிதைந்தது. ஹட்டனிலும் பண்டாரவளையிலும் சின்னக் கடைகளில் சாப்பிடுங்கள். வேன் ஓட்ட மலையகத்து ஆளாகப் பாருங்கள். புயலைக் காட்டி அவரிடம் வாடகையைக் குறைக்கப் பார்க்காதீர்கள். நம் ஊர்க்காரர்களை எனக்குத் தெரியும்.