கட்டிலுக்கு அடியில டபுள் பேரல்

கேள்வி: அக்கா, எங்க மாமனார் மிலிட்டரில இருந்து ரிட்டயர்டு ஆகி வந்து இப்ப ஒரு பேங்க்ல செக்யூரிட்டியா இருக்காரு. சொந்த லைசென்ஸ்ல டபுள் பேரல், அதான் ரெட்டைக் குழல் துப்பாக்கி வெச்சிருக்காரு, தினம் டூட்டி முடிஞ்சதும் வீட்டுக்குக் கொண்டாந்து ரெக்சின் உறையோட கட்டிலுக்கு அடியில தள்ளிருவாரு. தோட்டா சட்டைப் பையிலயோ ஜன்னல் திண்டுலயோ கிடக்கும். எனக்கு 9 வயசுல ஒரு பையன், 6 வயசுல ஒரு பொண்ணு. கொழுந்தன் வேற அப்பப்ப குடிச்சிட்டு வந்து சத்தம் போடுவாரு. கடையில துப்பாக்கிக்குன்னே இருக்குற லாக்கர் விலை கேட்டா 30,000-க்கு மேல சொல்றாங்க, எங்களால 7,000, 8,000 தான் முடியும். இருக்குறது வாடகை வீடு, செவுத்துல ஆணி அடிச்சாலே ஹவுஸ் ஓனர் சண்டைக்கு வந்துருவாரு. மாமா தூங்கும்போது நானே எடுத்து எங்கயாச்சும் ஒளிச்சு வெச்சுரலாமான்னு கூட தோணுது. என்ன செய்யட்டும்?
உசிலம்பட்டி பக்கத்துல இருந்து ஒரு வாசகி

பதில்: மொதல்ல அந்தக் கடைசி யோசனையை விட்ருங்க தங்கச்சி. லைசென்ஸ் மாமா பேர்ல இருக்கு, அவருக்குத் தெரியாம நீங்க எடுத்து ஒளிச்சா சட்டப்படி அது லைசென்ஸ் இல்லாத ஆள் கையில துப்பாக்கி இருக்குற கணக்கு. அது ஒரு பக்கம் இருக்கட்டும், லோடு ஆகியிருக்கா இல்லையான்னு தெரியாத ஒண்ணை ராத்திரி இருட்டுல கட்டிலுக்கு அடியில இருந்து இழுக்குறதை நெனச்சாலே எனக்கு வயித்தைக் கலக்குது. 

ஒளிச்சு வைக்கிறதைப் பத்தி எனக்குச் சொந்த அனுபவமே இருக்கு. நத்தத்துல எங்க தாத்தா மாந்தோப்புக் காவலுக்குன்னு லைசென்ஸ் வாங்கி ஒரு நாட்டுத் துப்பாக்கி வெச்சிருந்தாரு, புள்ளைகளுக்குத் தெரியக்கூடாதுன்னு பரண் மேல பழைய சாக்குக்குள்ள சுத்தி வெச்சிருந்தாரு. எங்க அஞ்சு பேருக்கும் அது எங்க இருக்குன்னு நல்லாத் தெரியும். முறுக்கு டப்பா எங்க இருக்குன்னு தெரிஞ்ச புள்ளைகளுக்கு இது தெரியாதா? ஒரு முழுப்பரீட்சை லீவுல ஏணி போட்டு ஏறி எடுத்து, என் சித்தப்பா மகன் என்னைக் குறி பார்த்து விசையை இழுத்தான். தாத்தா மருந்து கெட்டிக்காம வெச்சிருந்ததால இன்னைக்கு நான் உங்களுக்குப் பதில் எழுதிட்டிருக்கேன். அம்புட்டுத்தான் வித்தியாசம்.

அதனால உங்க பையனுக்கு கட்டிலுக்கு அடியில இருக்குறது தெரியும்னே வெச்சுக்கங்க. 

இப்ப பெட்டி விஷயம். எல்லாரும் திருடனை மனசுல வெச்சுத்தான் லாக்கர் பாக்குறாங்க, கடைக்காரரும் எம்புட்டு மொத்தத் தகடு, தீப்பிடிச்சா எம்புட்டு நேரம் தாங்கும்னு அதைத்தான் சொல்லுவாரு, 30,000 ஆகுறது அதுக்குத்தான். உங்க வீட்ல பயம் திருடன் இல்ல, வீட்டுக்குள்ளயே இருக்குற ரெண்டு சின்னக் கையும் குடிச்சிட்டு வர்ற ஒரு பெரிய கையும். இவங்க யாரும் கேஸ் கட்டர் கொண்டாந்து அறுக்கப் போறதில்ல. நல்ல பூட்டு, ஒரே ஆள்கிட்ட சாவி, தூக்கிட்டுப் போக முடியாத மாதிரி பிடிப்பு, இந்த மூணுக்கு மட்டும் காசு செலவழிச்சா உங்க பட்ஜெட்டுக்குள்ளயே முடிஞ்சுரும்.

டபுள் பேரல்ல ஒரு வசதி என்னன்னா மூணு துண்டாக் கழட்டலாம். பேரலுக்கு அடியில கை வெச்சுப் பிடிக்கிற மரக்கட்டையை எடுத்தா பேரல் தனியா வந்துரும், தோள்ல அணைக்கிற அடிக்கட்டையும் விசையும் ஒரு துண்டா நிக்கும். மிலிட்டரிக்காரருக்கு இது அரை நிமிஷ வேலை. முழுசா வைக்கணும்னா நாலடிப் பெட்டி வேணும், கழட்டி வெச்சா நீளமான துண்டு பேரல்தான், அது பெரும்பாலும் 28-ல இருந்து 32 இஞ்சுக்குள்ள இருக்கும். அப்ப மூணடிப் பெட்டி போதும், மூணடிப் பெட்டின்னா உங்க வீட்டு பீரோவுல சேலை தொங்க விடுற பக்கத்துக்குள்ளயே நின்னுரும். செவுத்துல துளை போடவே வேணாம், ஹவுஸ் ஓனருக்குத் தெரியவே வேணாம்.

பீரோ, கேட் வேலை செய்யிற பட்டறை உசிலம்பட்டியிலயே இருக்கும், இல்லன்னா மதுரைக்கு வாங்க. 3 அடி உயரம், 10 இஞ்ச் அகலம், 8 இஞ்ச் ஆழம், 16 கேஜ் தகடுன்னு சொல்லுங்க. கேஜ் நம்பர் கொறையக் கொறைய தகடு மொத்தம்ங்கிறது நிறையப் பேருக்குத் தெரியாது, 20 கேஜ் கொடுத்துட்டு நம்பர் பெருசு பாருங்கம்மான்னு சொன்னா ஏமாந்துராதீங்க. 16 கேஜ்னா 1.6 மில்லிமீட்டர், இந்த அளவுக்கு மொத்தமே பன்னெண்டு கிலோ தகடுதான் பிடிக்கும். நான் எங்க ஏரியா பட்டறையில விசாரிச்சப்ப பூட்டு, பெயின்ட்டு எல்லாம் சேத்து 5,000, 6,000-க்குள்ள முடிச்சுத் தர்றேன்னாரு. கீல் வெளிய தெரியாம உள்பக்கம் இருக்கணும், வெளிய இருந்தா ஸ்க்ரூ டிரைவர் போதும் கதவைக் கழட்ட. பன்னெண்டு கிலோவை யாரு வேணும்னாலும் தோள்ல வெச்சுட்டு நடந்துருவாங்க, அதனால பெட்டியோட பின்பக்கமும் அடிப்பக்கமும் நாலு துளை போட்டு பீரோ தகட்டோட சேத்து போல்ட் போட்டு முறுக்கணும், நட்டு பெட்டிக்கு உள்ளாற வரணும். வெளிய நட்டு வந்தா ஸ்பேனர் வெச்சிருக்கவன் கழட்டிட்டுப் போயிருவான்.

ஒண்ணு மறக்காதீங்க, அளவுக்குன்னு துப்பாக்கியைப் பட்டறைக்குத் தூக்கிட்டுப் போகக் கூடாது. மாமா வீட்ல டேப்பு வெச்சு அளந்து எழுதிக் கொடுத்தாப் போதும். எதுக்குன்னு கேட்டா வீட்டு பிளான் சுருட்டி வைக்கிறதுக்குன்னு சொல்லிக்கங்க. எங்க வீட்ல துப்பாக்கி இருக்குன்னு ஊரு பூரா தெரிஞ்சு என்னத்துக்கு.

பூட்டுல மட்டும் கஞ்சத்தனம் வேணாம். சாதா பீரோவோட வர்ற பூட்டு இருக்கே, பக்கத்து வீட்டுச் சாவி போட்டாலும் திறந்துரும், பாதி வீட்ல அப்படித் திறந்து பார்த்தவங்கதான் நாம. நம்ம பக்கத்துலதான திண்டுக்கல் இருக்கு, 2019-ல புவிசார் குறியீடு வாங்குன பூட்டு, அங்க கையால செய்யிற லீவர் பூட்டு கேட்டு வாங்குங்க, பெட்டிக் கதவுக்குள்ள பதிக்கிற மாதிரி வேணும்னு சொல்லுங்க. நம்பர் பூட்டு, கைரேகைப் பூட்டு எல்லாம் இந்த விலைக்கு வர்றதை நான் நம்ப மாட்டேன். பேட்டரி தீர்ந்துட்டா மாமா காலையில டூட்டிக்குப் போக முடியாம நிப்பாரு, கம்பெனியில போட்டுவிட்ட நம்பரை மாத்தாமயே வெச்சிருக்கவங்க பாதிப் பேரு, மாத்துனாலும் பேரன் பொறந்த நாளைத்தான் வைப்பாரு, அது பேரனுக்குத் தெரியாதா?

சாவி சாமி படத்துக்குப் பின்னாடியும் வேணாம், அரிசி டிரம்முக்குள்ளயும் வேணாம், உங்க தாலிச் செயின்லயும் வேணாம். லைசென்ஸ்காரர் உடம்புல இருக்கட்டும், அரைஞாண் கயித்துல கோத்துக்கச் சொல்லுங்க, வெக்கப்பட்டா பனியனுக்குள்ள கழுத்துல. ரெண்டாவது சாவியை கவர்ல ஒட்டி பேங்க் லாக்கர் இருந்தா அதுல போட்ருங்க. துப்பாக்கியைத்தான் பேங்க் லாக்கர்ல வைக்க விடமாட்டாங்க, சாவி வைக்கலாம்.

தோட்டா அதே பெட்டிக்குள்ள கூடாது. ஒரு சின்ன இரும்பு கேஷ் பாக்ஸ், வேற சாவி, வேற இடம். அதுவும் பூட்டணும், ஜன்னல் திண்டுல கிடக்குற தோட்டாவை உங்க பொண்ணு கலர் டப்பான்னு நெனச்சு அடுப்புல போடுற வயசு.

பெட்டி செஞ்சு வர பத்துப் பதினஞ்சு நாள் ஆகும்ல, அதுவரைக்கும் இன்னைக்கே செய்ய ஒண்ணு இருக்கு. சைக்கிள் கடையில பிளாஸ்டிக் உறை போட்ட ஒல்லியான கேபிள் பூட்டு வாங்குங்க, சில நூறு ரூபாதான் ஆகும். 12 போர்ங்கிற அளவுத் துப்பாக்கின்னா பேரலோட துளை 18 மில்லிமீட்டருக்கு மேல இருக்கும், மாமா தோட்டாவை எடுத்துட்டு துப்பாக்கியை மடக்கித் திறந்து அந்த கேபிளை ஒரு பேரல் வழியா விட்டு வெளிய எடுத்துப் பூட்டிட்டா, துப்பாக்கியை மூடவும் முடியாது தோட்டா போடவும் முடியாது. பெட்டிக்குப் பதிலா இதுவே போதும்னு விட்ராதீங்க, நல்ல கட்டிங் பிளேயர் இருந்தா அறுத்துரலாம்.

இதெல்லாம் மாமாகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் உங்களுக்கு உண்மையான கவலைன்னு எனக்குத் தெரியும். மருமக வந்து உங்க துப்பாக்கி சரியில்லைன்னு சொன்னா எந்த மிலிட்டரிக்காரருக்கும் சுருக்குன்னு கோவம் வரும். குறை சொல்லாதீங்க, கேள்வி கேளுங்க. பட்டாளத்துல டூட்டி முடிஞ்சதும் ரைபிளை எங்க வைப்பீங்க மாமான்னு கேளுங்க. கோத்துல, அதான் ஆயுதம் வைக்கிற ரூம்ல, கொடுத்துட்டு ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போடுவோம்னு அவரே சொல்லுவாரு, யாரும் பாரக்ஸ்ல கட்டிலுக்கு அடியில தள்ளிட்டுத் தூங்குனதில்ல. அப்ப நம்ம வீட்லயும் ஒரு கோத்து வெச்சுருவோம், நீங்கதான் இன்சார்ஜுன்னு சொல்லுங்க. அத்தையும் உங்க வீட்டுக்காரரும் பக்கத்துல இருக்கும்போது சொன்னா இன்னும் நல்லது. 2016 ஆயுத விதிகள்ல துப்பாக்கியைப் பத்திரமா வெச்சுக்குவேன்னு லைசென்ஸ்காரர் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கு, அதைச் சொல்லிப் பயமுறுத்தணும்னு இல்ல, அவருக்கே ஞாபகம் இருக்கும்.

கொழுந்தன் விஷயத்தை நீங்க ஒரு வரியில எழுதிட்டுப் போயிட்டீங்க, எனக்கு அதுதான் பெருசாப் படுது. சாவி எங்க இருக்குன்னு அவருக்குத் தெரியக் கூடாது, பெட்டி எங்க இருக்குன்னு தெரிஞ்சாலும் பரவால்ல. வெட்டிருவேன் குத்திருவேன்னு சண்டை போடுற நாள் வந்தாலோ, அதைவிட, நான் செத்துப் போயிடுறேன்னு பேச ஆரம்பிச்சாலோ, பூட்டியிருக்குன்னு நம்பி உக்காந்துராதீங்க. அன்னைக்கே துப்பாக்கி வீட்டை விட்டு வெளிய போகணும். எலக்ஷன் நேரத்துல லைசென்ஸ்காரங்க நிறையப் பேரு ஸ்டேஷன்ல ஒப்படைச்சு ரசீது வாங்குவாங்களே, அதே மாதிரி ஸ்டேஷன்லயோ லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலயோ அவரே கொண்டுபோய்க் கொடுத்துட்டு ரசீது வாங்கட்டும். கொழுந்தனுக்காக 14416-க்கு போன் போடுங்க, டெலிமானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர், காசு கிடையாது, தமிழ்ல பேசுவாங்க. குடிகாரன் பேச்சுதானேன்னு தள்ளிவிடாதீங்க.

புள்ளைகளுக்கும் சொல்லி வைங்க, துப்பாக்கியோ தோட்டாவோ எங்க பார்த்தாலும் தொடாம வந்து பெரியவங்ககிட்ட சொல்லணும்னு. சொன்னாக் கேப்பாங்களான்னா, நாங்க அஞ்சு பேரும் கேக்கல.

அப்புறம் அந்த ரெக்சின் உறையோட பெட்டிக்குள்ள வைக்க வேணாம்னு மாமாகிட்ட சொல்லுங்க, ஐப்பசி கார்த்திகை மழையில உறைக்குள்ள ஈரம் தங்கி பேரல் துருப்பிடிச்சுரும். எண்ணெய்த் துணியால துடைச்சுட்டு அப்படியே நிக்க வைக்கலாம், அடியில ஒரு ரப்பர் ஷீட்டு வெட்டிப் போட்டுக்கங்க. பட்டறையில ஆர்டர் கொடுக்கும்போது பெட்டிக் கதவு எந்தப் பக்கம் திறக்கணும்னு முன்னாடியே சொல்லிருங்க, நான் விசாரிச்ச பட்டறைக்காரர் ஒருத்தருக்கு அதைக் கேக்காமயே செஞ்சு கொடுத்து, பீரோ கதவுல இடிச்சு பாதிதான் திறந்துச்சாம், மறுபடி முழுசாக் கழட்டி மாட்டுனாராம்.