கேமிங் கணினிக்கான கிராஃபிக்ஸ் கார்டு: இப்போதே வாங்கலாமா, அடுத்த தலைமுறைக்குக் காத்திருக்கலாமா?

நீங்கள் கொடுத்துள்ள விவரங்களின்படி உங்களிடம் இருப்பது 2018-இல் அசெம்பிள் செய்த கணினி. ஐ5-8400 ப்ராசஸர், ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு, 1080பி (1920×1080 புள்ளிகள்) மானிட்டர். கையில் 40,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறீர்கள். அடுத்த தலைமுறைக் கார்டுகள் வந்தால் இப்போதுள்ளவை விலை இறங்கும், அதுவரை பொறுத்திரு என்று நண்பர் சொல்கிறார். உங்கள் நிலையில் பொறுத்திருக்க வேண்டியதில்லை என்பதே என் பதில். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், இதே அறிவுரையைக் கேட்டு இருபது மாதங்களை நான் இழந்திருக்கிறேன்.

2020 செப்டம்பர் 1 அன்று, கிராஃபிக்ஸ் சில்லு நிறுவனமான என்விடியா தன் 30 வரிசைக் கார்டுகளை (3060, 3070 போன்றவை) அறிவித்தது. அதுவரை 1,000 டாலருக்கு மேல் விற்ற ஆர்டிஎக்ஸ் 2080 டிஐ-யைவிட வேகமானது என்று சொல்லி 3070-க்கு அவர்கள் வைத்த விலை 499 டாலர். அந்த அறிவிப்பைக் கேட்ட பலர் தங்கள் பழைய கார்டுகளைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். நானும் அக்டோபரில் என் 1060-ஐ விற்றேன். புதியது இரண்டு மாதத்தில் வந்துவிடும், அதற்குள் பழையதன் மதிப்பு இன்னும் சரிந்துவிடும் என்பது என் கணக்கு.

டிசம்பரில் 3060 டிஐ வெளியானபோது இந்தியாவில் அதற்கு அறிவிக்கப்பட்ட விலை 35,900 ரூபாய். சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் இரண்டு கார்டுகள் வந்திருப்பதாகத் தெரிந்து, மதிய வேலையை விட்டுவிட்டு ஓடினேன். பெட்டி கண்ணாடி அலமாரியில் என் முகத்துக்கு நேரே இருந்தது. கடைக்காரர், "கார்டு மட்டும் தனியா தர முடியாது சார், ஒரு மதர்போர்டும் பவர் சப்ளையும் சேர்த்து எடுத்தா தரேன்" என்றார். எனக்கு அவ்விரண்டும் தேவையில்லை. பொங்கல் கழிந்து சரக்கு தாராளமாக வரும், அப்போது தனியாகவே வாங்கிக்கொள்ளலாம் என்று எண்ணித் திரும்பிவிட்டேன்.

சரக்கு வரவில்லை. பெருந்தொற்றால் வீட்டில் அடைந்திருந்தவர்கள் எல்லோரும் கணினி வாங்கினார்கள். சில்லு உற்பத்தி அந்தத் தேவைக்கு ஈடுகொடுக்கவில்லை. எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தின் மதிப்பு ஏற ஏற, கார்டுகளை ஓடவிட்டு அந்த நாணயத்தை ஈட்டும் மைனிங் செய்பவர்கள் அவற்றைப் பெட்டி பெட்டியாக அள்ளிக்கொண்டார்கள். 2021 கோடையில் அதே கார்டுக்கு என்னிடம் சொல்லப்பட்ட விலை 72,000 ரூபாய். ஊரடங்கில் வெவ்வேறு ஊர்களில் மாட்டிக்கொண்ட என் கல்லூரி நண்பர்கள் நால்வர் ஒவ்வோர் இரவும் சேர்ந்து விளையாடினார்கள். ப்ராசஸரோடு வந்த கிராஃபிக்ஸில் அந்த ஆட்டம் ஓடாததால், ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அவர்கள் பேசுவதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். விலை இறங்கி நான் வாங்கியது 2022 ஆகஸ்டில். அதற்குள் நால்வரும் வேலைக்குச் சென்று அந்தக் கூட்டம் கலைந்துவிட்டது. காத்திருப்பதால் மிச்சமாகும் தொகையைக் கணக்கிடுபவர்கள், காத்திருக்கும் நாட்களில் விளையாடாமல் போவதை எந்தக் கணக்கிலும் எழுதுவதில்லை.

ஆகவே நான் பின்பற்றும் விதி இதுதான்: என்ன கார்டு, எந்தத் தேதி, என்ன விலை ஆகிய மூன்றும் நிறுவனத்தாலேயே அறிவிக்கப்பட்டு, அந்தத் தேதி இரண்டு மாதத்துக்குள் இருந்தால் மட்டும் காத்திருக்கலாம். கசிந்த செய்தி என்று யூடியூபில் வருவதை நம்பிப் பணத்தைப் பூட்டி வைக்கக் கூடாது.

"அடுத்த தலைமுறை" என்ற சொல்லும் உங்கள் விலையில் வாங்குபவரை ஏமாற்றக்கூடியது. 30 வரிசை 2020 செப்டம்பரில் வந்தது, 40 வரிசை 2022 அக்டோபரில், 50 வரிசை 2025 ஜனவரியில். ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் முதலில் இறங்குவது உச்சியில் உள்ள கார்டு. 1,599 டாலர் விலையில் 4090 வந்தது 2022 அக்டோபரில். 299 டாலர் 4060 கடைக்கு வர 2023 ஜூன் இறுதி ஆகிவிட்டது. 5090-க்கும் 5060-க்கும் இடையே நான்கு மாதத்துக்குச் சற்றுக் குறைவு. அதாவது புதிய தலைமுறை வந்துவிட்டது என்று செய்தி வந்த பிறகும் நாற்பதாயிரம் ரூபாய் வைத்திருப்பவர் மேலும் பல மாதங்கள் நிற்க வேண்டும். அப்படி நின்றவருக்குக் கிடைப்பது எப்போதும் பெரிய பாய்ச்சலாக இருப்பதும் இல்லை: 3060 டிஐ 399 டாலருக்கு 8 ஜிபி நினைவகத்தோடு வந்தது, இரண்டரை ஆண்டுக்குப் பிறகு வந்த 4060 டிஐ-யும் அதே 399 டாலர், அதே 8 ஜிபி, வேகத்திலும் வித்தியாசம் சொற்பம்.

இனி விலை. இந்தியக் கடையில் சொல்லும் விலை நியாயமானதா என்று பார்க்க, அமெரிக்க அறிவிப்பு விலையை அன்றைய டாலர் மதிப்பால் பெருக்கி, 18 சதவீத ஜிஎஸ்டியைச் சேர்த்து, அதற்கு மேல் ஆறிலிருந்து பத்து சதவீதம் வரை இறக்குமதியாளரும் கடைக்காரரும் எடுத்துக்கொள்வார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5070-ஐ எடுத்துக்கொண்டால், 549 டாலர். 2025 ஜனவரியில் டாலர் 86 ரூபாய் அளவில் இருந்தது. பெருக்கினால் 47,200, வரியோடு 55,700. என்விடியா இந்தியாவுக்கு அறிவித்த விலை 59,000. கணக்கு பொருந்திவருகிறது. இதே முறையில் 349 டாலருக்கு வெளியான, என்விடியாவின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ரேடியான் 9060 எக்ஸ்டி 16 ஜிபி கார்டை, டாலர் 90 ரூபாய் என்று வைத்துக் கணக்கிட்டால், வரியோடு 37,000. கடை லாபத்தோடு 39,300 முதல் 40,800 வரை. அந்த எல்லைக்குள் கிடைத்தால் தயங்காதீர்கள். ஒரு மாதத்துக்கு முன் இரண்டாயிரம் குறைவாக விற்றதே என்று மனம் அடித்துக்கொள்ளும். அது போன விலை.

மேலும், டாலர் 90 ரூபாயைத் தாண்டியது 2025 டிசம்பரில். அதே காலத்தில் ராம் (கணினியின் நினைவகம்) விலை தாறுமாறாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை மொத்தமாக வாங்குவதால், உற்பத்தியாளர்கள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். மைக்ரான் தன் க்ரூஷியல் என்ற சில்லறை வணிகத்தையே விட்டு விலகுவதாக அறிவித்தது. கிராஃபிக்ஸ் கார்டில் இருப்பதும் நினைவகச் சில்லுகளே என்பதால், 16 ஜிபி கார்டுகளின் விலை தானாக இறங்கும் என்று எதிர்பார்க்க இப்போது எந்தக் காரணமும் எனக்குத் தென்படவில்லை.

எட்டு ஜிபி கார்டை எடுத்துச் சில ஆயிரங்களை மிச்சப்படுத்தலாமே என்று நீங்கள் நினைக்கக்கூடும். நான் அப்படிச் செய்யமாட்டேன். பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டிலும் 16 ஜிபி பொது நினைவகம் இருக்கிறது. 2023 முதல் அந்த இயந்திரங்களை மட்டுமே மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட ஆட்டங்கள் கணினிக்கு வரத் தொடங்கியபோது, 8 ஜிபி கார்டுகளில் சுவர்களும் முகங்களும் மங்கிக் குழைந்து தெரிந்ததையும், சராசரி ஃபிரேம் எண்ணிக்கை (வினாடிக்கு எத்தனை படங்கள் என்பது) நன்றாக இருந்தும் ஆட்டம் நடுவில் திக்கித் திக்கி நின்றதையும் பலர் அனுபவித்தார்கள். நான் 2022-இல் வாங்கிய 3060 டிஐ-யும் 8 ஜிபி என்பதால், அந்தத் திக்கலை என் திரையிலேயே பார்த்திருக்கிறேன்.

உங்கள் 1060-ஐப் பொறுத்தவரை, அதன் காலம் முடிந்துவிட்டது. புதிய ஆட்டங்களுக்கான டிரைவர்களை (கார்டை இயக்கும் மென்பொருள்) அந்தத் தலைமுறைக்கு வெளியிடுவதை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திக்கொண்டது. இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே வரும். 2025 மே மாதம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் போன்ற ஆட்டங்கள், ரே டிரேசிங் வசதி (ஒளி பரவுவதைக் கணக்கிட்டுக் காட்டுவது) கார்டிலேயே இல்லாவிட்டால் தொடங்கவே தொடங்காது. உங்களுக்குப் பிடித்தவை வேலரன்ட், சிஎஸ் 2 போன்றவை மட்டும் என்றால் 1060 இன்னும் ஒப்பேற்றும். அப்போது இந்தப் பணத்தை மானிட்டரில் போடுவதே மேல். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனையை இன்றிரவே செய்துவிடுங்கள். உங்களைத் தொல்லை செய்யும் ஆட்டத்தைத் திறந்து, ரெசல்யூஷனை 1080பி-யிலிருந்து 720பி-க்கு இறக்கிப் பாருங்கள். ஃபிரேம் எண்ணிக்கை நன்றாக ஏறினால் தடை கார்டில் இருக்கிறது. ஏறாமல் அப்படியே நின்றால் தடை ப்ராசஸரில் இருக்கிறது, புதிய கார்டு அந்த ஆட்டத்துக்குப் பெரிதாக உதவாது. ஐ5-8400 ஆறு கோர் உள்ளது என்பதால் பெரும்பாலான ஆட்டங்களில் முதல் விடையே வரும் என்று எதிர்பார்க்கிறேன்.

கார்டைப் பொருத்தும் இணைப்பு உங்கள் மதர்போர்டில் பிசிஐஇ 3.0 என்ற பழைய வகை என்பதையும் நினைவில் வையுங்கள். என்விடியாவின் 5060 டிஐ, அந்த இணைப்பில் தரவு செல்லும் பதினாறு பாதைகளில் (லேன்) எட்டையே பயன்படுத்துகிறது. 9060 எக்ஸ்டி பதினாறையும் பயன்படுத்துகிறது. பழைய போர்டில் இது ஏஎம்டி கார்டுக்குச் சாதகம். 249 டாலருக்கு வந்த இன்டெல்லின் ஆர்க் பி580 விலையில் கவர்ச்சியானது. ஆனால் பத்தாம் தலைமுறை ப்ராசஸராவது வேண்டும் என்று இன்டெல்லே சொல்வதால் உங்களுக்கு ஆகாது. பல 1060 கார்டுகளுக்கு ஆறு முனை மின் இணைப்பே போதும். 9060 எக்ஸ்டி-க்குப் பெரும்பாலும் எட்டு முனை கேட்கும். கேபினட்டைத் திறந்து, பவர் சப்ளையில் அந்த ஒயர் இருக்கிறதா, 450 வாட்டுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பழைய கார்டு வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் தன் முறையை மாற்றிக் கார்டு மைனிங்கை முடிவுக்குக் கொண்டுவருவதற்கு முன்பே, மைனர்கள் சரக்கை விற்கத் தொடங்கிவிட்டார்கள். அந்த ஆகஸ்டில் ஒரு கடையில் என் முன்னால் வைத்த 3070-ஐத் திருப்பிப் பார்த்தேன். விசிறியைத் துடைத்துப் பளபளப்பாக்கியிருந்தார்கள்; ஆனால் பின்தகட்டின் ஓரத்தில், சூட்டைக் கடத்தும் தெர்மல் பேடிலிருந்து கசிந்த எண்ணெய் பழுப்புக் கோடாக இறங்கியிருந்தது, விரலில் பிசுபிசுத்தது. மாதக்கணக்கில் நினைவகம் கொதித்த கார்டு அது. வேண்டாம் என்று வைத்துவிட்டு, நாலாயிரம் கூடுதலாகக் கொடுத்துப் புதிய 3060 டிஐ வாங்கினேன். முதல் உரிமையாளரிடம் பில் இருந்து, வாரண்டி இன்னும் ஓராண்டாவது மிச்சமிருந்து, உங்கள் கண் முன்னே அரை மணி நேரம் ஆட்டம் ஓடிக் காட்டப்பட்டால் மட்டும் பழையதை யோசியுங்கள்.

புதியது வாங்கும்போது பெட்டியில் உள்ள சீரியல் எண்ணும் கார்டில் உள்ளதும் ஒன்றா என்று கடையிலேயே ஒப்பிடுங்கள். ஜிஎஸ்டி பில்லில் அந்த எண்ணை எழுதச் சொல்லுங்கள். வாங்கிய அன்றே மாட்டி, அந்த வாரம் முழுக்க நன்றாக விளையாடுங்கள். பழுது இருந்தால் மாற்றித் தரும் நாட்கள் முடிவதற்குள் அது வெளியே தெரிந்துவிட வேண்டும். அது வரை 1060-ஐ விற்பனைக்குப் போடாதீர்கள். துடைத்து, புதிய கார்டின் பெட்டியிலேயே பத்திரமாக வைத்திருங்கள்.