மூன்றும் வேண்டாம், பாப்பாரப்பட்டி போதும்

ஏழு வயது மகனையும் நான்கு வயது மகளையும் கூட்டிக்கொண்டு பாப்பாரப்பட்டி, கிருஷ்ணகிரிக் கோட்டை, தொரப்பள்ளி ராஜாஜி வீடு மூன்றையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். தொரப்பள்ளி ஓசூர்ப் பக்கம். பாதி நாள் பஸ்ஸிலேயே போய்விடும். கோட்டை நல்ல ஏற்றம், சின்னவளை நீங்கள்தான் தூக்கிக்கொண்டு ஏறவேண்டி வரும்.

காலையில் தர்மபுரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பாருங்கள். போரிலும் ஆநிரை மீட்பிலும் மாண்டவர்களுக்கு ஊரார் நட்ட கற்கள். நம் பக்கத்துப் போர் நினைவுச்சின்னம் என்றால் அதுதான். எழுத்தைப் படித்துக் காட்டாதீர்கள், பிள்ளைகளையே தேடவிடுங்கள். என் மகன் ஒரு வீரன் உடம்பில் தைத்திருந்த அம்புகளை விரல் வைத்து எண்ணினான். பிறகு, "இவரைத் தூக்கிக்கொண்டு போகும் அக்காக்கள் யார்?" என்றான். மேலே செதுக்கியிருந்த தேவமகளிரைத்தான் கேட்டான்! பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு வீரனின் நடுகல்லில், இரண்டு கள்வரைக் கடித்த கோவிவன் என்ற அவன் நாயையும் செதுக்கிப் பெயரும் பொறித்திருக்கிறார்கள் என்றும் சொல்லுங்கள். சின்னவள் அந்தப் பெயரை விடமாட்டாள்.

சாப்பிட்டுவிட்டுப் பாப்பாரப்பட்டிக்குப் போங்கள். விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா 1925-இல் அங்கேதான் காலமானார். சிறையில் தொழுநோய் பற்றியதால் ரயிலில் ஏறத் தடை. ஊர் ஊராக நடந்தே போய்ப் பேசினார். அங்குள்ள அவருடைய மணிமண்டபத்துக்குள் நுழையும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள். உள்ளே போய்ச் சொன்னால் காதில் ஏறாது, ஓடத்தான் பார்ப்பார்கள்.

அருங்காட்சியகத்தின் விடுமுறை நாளை மட்டும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஒருமுறை பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.