வாரா வாரம் முழுத் தண்ணீரையும் மாற்றித் தொட்டியைக் கழுவுகிறேன். ஆனாலும் தண்ணீர் கலங்குகிறது, மீன்கள் சாகின்றன. ஏன்?

கழுவுவதால்தான். நானும் இதையே செய்து நாலு மீனைக் கொன்றவன்.

கொளத்தூரில் இரண்டடித் தொட்டியும் ஆறு கோல்டு ஃபிஷ்ஷும் வாங்கிவந்த புதிது. ஞாயிறு வந்தால் மீன்களை வாளிக்கு மாற்றிவிட்டு தொட்டி, கூழாங்கல், ஃபில்டர் ஸ்பாஞ்ச் எல்லாவற்றையும் குழாயடியில் போட்டுத் தேய்ப்பேன். அன்றைக்குத் தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும். செவ்வாய்க்கிழமை பால் கலந்ததுபோல் வெளுக்கும். அந்த வாரத்துக்குள் ஒன்று மிதக்கும். "நீ சரியா கழுவல" என்பார் அம்மா. இன்னும் அழுத்தித் தேய்ப்பேன்.

மீனின் கழிவும் மிச்சத் தீனியும் அம்மோனியாவாகும். அதற்கு நிறமில்லை, பளிங்குத் தண்ணீரிலும் இருக்கும். அதை நைட்ரைட்டாகவும் (அதுவும் விஷம்தான்), பிறகு அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுபவை பாக்டீரியாக்கள். அவை குடியிருப்பது பெரும்பாலும் அந்த அழுக்கு ஸ்பாஞ்சிலும் கல்லிலும்தான். குழாய்த் தண்ணீரின் குளோரின் அவற்றைக் கொன்றுவிடும். மறுபடி பெருக 4 முதல் 6 வாரம் வேண்டும். நான் கொடுத்ததோ 7 நாள்.

மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், இன்றே மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். இரண்டு நாள் தீனி வேண்டாம், பட்டினியில் சாகாது. ஏர் பம்ப் நிற்காமல் ஓடட்டும்.

அதன்பின் வாரம் கால் பங்கு போதும். டியூபால் அடியிலிருக்கும் கழிவோடு உறிஞ்சி எடுங்கள். எடுத்த அந்த அழுக்குத் தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை இரண்டு முறை பிழிந்துவிட்டு அப்படியே மாட்டிவிடுங்கள், வெள்ளையாக வேண்டியதில்லை. புதுத் தண்ணீரில் ஆன்ட்டி குளோரின் சொட்டு கலந்த பிறகே ஊற்றுங்கள். போர் தண்ணீர் என்றால் குளோரின் தொல்லை இல்லை, ஆனால் பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) 8-க்கு மேல் போனால் அதே அளவு அம்மோனியா பல மடங்கு விஷமாகும். கடையில் தரும் நீலச் சொட்டு மருந்துக்குக் கொடுக்கும் காசில் ஒரு அம்மோனியா டெஸ்ட் கிட் வாங்கலாம். அளவு பூஜ்யம் காட்ட வேண்டும்.

இரண்டுக்கு ஒன்றுக்கு ஒன்று அடித் தொட்டி கொள்வது ஏறக்குறைய 56 லிட்டர். அதில் ஆறு கோல்டு ஃபிஷ் என்பதே அநியாயம், பிழைத்த இரண்டுக்கே இடம் பத்தவில்லை. உங்கள் தொட்டி எத்தனை அடி, மீன் எத்தனை?