தியாகம் என்று சொல்லாதீர்கள்

அன்புள்ள ஐயா,

என் அண்ணனுக்கு 34 வயது. ஏ.எம்.எல். என்ற ரத்தப் புற்றுநோய். கீமோவில் நோய் அடங்கியிருக்கிறது. திரும்பாமலிருக்க எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்யவேண்டும் என்கிறார்கள். திசுப் பொருத்தம் பார்க்கும் எச்.எல்.ஏ. பரிசோதனையில் எனக்கு முழுப் பொருத்தம். வீட்டில் எனக்கு வரன் பார்க்கிறார்கள். முதுகுத்தண்டில் ஊசி போட்டு உறிஞ்சினால் இடுப்பு போய்விடும், குழந்தை பிறக்காது என்று பெரியப்பா தடுக்கிறார். நான் கொடுக்கத்தான் போகிறேன். என் கேள்வி வேறு. இந்தத் தியாகத்துக்குப் பிறகு அண்ணனும் அண்ணியும் என்னிடம் பழையபடி இருப்பார்களா? அண்ணனின் குணம்கூட மாறிவிடும் என்கிறார்களே?

க.

அன்புள்ள க.,

குணம் மாறாது. ரத்த வகை மாறலாம். நான் கொடுத்த பிறகு என் தம்பிக்கு பி பாசிட்டிவ் போய் என்னுடைய ஓ பாசிட்டிவ் வந்தது. ஓட்டுநர் உரிமத்தில் இன்னும் பழையதுதான் இருக்கிறது.

பெரியப்பாவிடம் சொல்லுங்கள்: மஜ்ஜை வேறு, தண்டுவடம் வேறு. முதுகில் ஊசி போட்டு நீர் எடுப்பது நோயாளிகள் சிலருக்குச் செய்யும் பரிசோதனை. கொடுப்பவரின் முதுகுத்தண்டை யாரும் தொடுவதில்லை. இடுப்பெலும்பிலிருந்து மயக்கம் கொடுத்து எடுப்பார்கள். அல்லது, இப்போது பெரும்பாலும் செய்வதுபோல, சில நாட்கள் தோலுக்கடியில் ஊசி போட்டு, ரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்கள் மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்குள் இறங்கியதும் இயந்திரம் வழியாகப் பிரித்துக்கொள்வார்கள். இறைத்த கிணறுதான், சில வாரங்களில் ஊறிவிடும். உங்களுக்குக் குழந்தை பிறப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஆனால் உங்கள் அண்ணனுக்குச் சம்பந்தம் உண்டு. மாற்று சிகிச்சைக்கு முன் கொடுக்கும் கடுமையான மருந்துகள் அவருடைய குழந்தைப்பேற்றைப் பறித்துவிடக்கூடும். விந்தணுவைச் சேமிக்க வழியிருக்கிறதா என்று உங்கள் வீட்டில் யாராவது மருத்துவரிடம் கேட்டீர்களா? பெரியப்பா கேட்டாரா? இல்லாத ஆபத்துக்கு வீடே கூடிப் பேசியிருக்கிறீர்கள். இருக்கும் ஆபத்தைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. நாளைக்கே கேளுங்கள்.

சரி, நீங்கள் எழுதிய அந்தச் சொல்லுக்கு வருகிறேன். தியாகம். பல வருடங்களாக எனக்குள் உறுத்திக்கொண்டிருக்கும் சொல் அது.

தம்பிக்கு நான் கொடுத்தபோது எனக்கு 41 வயது. ஊசி போட்ட நாட்களில் இடுப்பும் தொடையும் விஷக்காய்ச்சல் வந்ததுபோல் வலித்தன. பிறகு நான்கு மணி நேரம் படுக்கை, ஒரு கையிலிருந்து ரத்தம் போய் மறு கைக்குத் திரும்பியது. பையில் சேர்ந்தது கெட்டியான தக்காளிச் சாறு நிறத்தில் இருந்தது. அன்று மாலை கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். சாதாரணமாக ரத்தம் ஏற்றுவதுபோல ஏற்றினார்கள். அந்தச் செல்கள் எலும்புக்குத் தாமாகவே வழி கண்டு போய்ச் சேரும் என்றார் மருத்துவர். மூன்றாவது வாரம் வெள்ளணுக்கள் தலைகாட்டின. தம்பியின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க எங்களுக்குத் தெய்வம் மாமா" என்று அழுதாள். நானும் தெய்வம்போலத் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

ஆறாவது வாரம் அவன் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தடித்தன. அப்புறம் நிற்காத வயிற்றுப்போக்கு. என்னுடைய செல்கள் அவன் உடம்பை அந்நியமாக நினைத்துத் தாக்கத் தொடங்கியிருந்தன. அதே பெண் அதே வராந்தாவில் கேட்டாள்: "உங்க ரத்தம் அவரை ஏன் மாமா இப்படி வதைக்குது?" அதற்குப் பிறகு பதினைந்து நாள் நான் வார்டு பக்கம் போகவில்லை. கொலை செய்தவனைப்போல வீட்டில் கிடந்தேன்.

மருத்துவர்தான் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். அமெரிக்க மருத்துவர் டொனால் தாமஸ் 1957-ல் மஜ்ஜை செலுத்திய ஆறு நோயாளிகளில் ஒருவர்கூட நூறு நாளைத் தாண்டவில்லை. விடாமல் உழைத்த அவருக்கு 1990-ல் நோபல் பரிசு கிடைத்தது. மருந்தும் கதிர்வீச்சும் புற்றை அழிக்கும், காலியான இடத்தை மஜ்ஜை நிரப்பும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். மிச்சமிருக்கும் புற்றுச் செல்களை வேட்டையாடுவது கொடுத்தவரின் செல்கள்தான் என்பது பிறகு தெரிந்தது. அச்சு அசலான இரட்டையரிடமிருந்து வாங்கினால் இந்தத் தாக்குதல் பெரும்பாலும் வராது. ஆனால் நோய் திரும்பிவருவது அதிகம். நீங்கள் உங்கள் அண்ணன் இல்லை, இன்னொருவர், அதுதான் மருந்து. தோலைத் தாக்குவதும் புற்றைத் தாக்குவதும் ஒரே சேனை.

இதில் என் தியாகம் எங்கே இருக்கிறது? கூடப் பிறந்தவர்களுக்குள் முழுப் பொருத்தம் அமைய நான்கில் ஒரு வாய்ப்பு. அந்தச் சீட்டு எனக்கு விழுந்தது. அவ்வளவுதான் என் பங்கு. தெய்வம் என்றபோது நான் தலையாட்டியிருக்கக் கூடாது. செல்கள் பிழைக்கவைத்தால் என் பெருமை என்று வாங்கிக்கொண்டவன், அவை வதைத்தபோது பழியையும் வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. அவன் நோயில் கிடந்த பதினைந்து நாளை அந்தச் சொல்தான் என்னிடமிருந்து பறித்தது. நீங்கள் இப்போதே அண்ணி முகத்தில் நன்றியைத் தேட ஆரம்பித்துவிட்டீர்கள். வேண்டாம் அம்மா. கொடுத்துவிட்டு, அண்ணனுக்குக் கஞ்சி கொண்டுபோங்கள். அவருக்கு மோசமான நாட்களில் அதிகமாகப் போங்கள்.

தம்பி இருக்கிறான். கண்ணீர்ச் சுரப்பிகள் வறண்டுவிட்டன, அதுவும் என் செல்களின் வேலைதான். அம்மா போன அன்று அவனால் அழ முடியவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து சட்டைப்பையிலிருந்து சொட்டு மருந்தை எடுத்து நீட்டினான். நான் அவன் இமையை விரித்துப் பிடித்து இரண்டு கண்ணிலும் விட்டேன். நாங்கள் இருவரும் அன்று அதைப் பற்றி எதுவும் பேசவில்லை.

ஒன்று மட்டும் சொல்ல மறந்துவிட்டேன். இயந்திரம் ஓடும்போது உதட்டில் எறும்பு ஊர்வதுபோல இருக்கும். கால்சியம் குறைவதால் வருவது. பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு படுத்திருக்காதீர்கள். நர்ஸைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், கால்சியம் கொடுப்பார்கள்.