அப்பா திடீரென்று காணாமல் போனது கோப்புக் கோளாறு இல்லை

‘8 சிம்பிள் ரூல்ஸ்’ என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொலைக்காட்சித் தொடரில் அப்பா பாதியில் காணாமல் போகிறார், கடையில் பதிந்து வாங்கியதில் பகுதிகள் விடுபட்டுவிட்டனவா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் பென் டிரைவில் எதுவும் விடுபடவில்லை, அதைப் பதிந்து தந்த கல்லடிக் கடைக்காரரோடு போய்ச் சண்டை பிடிக்க வேண்டாம். இரண்டாம் சீசனில் மூன்று பகுதிகளோடு அப்பா நின்றுவிடுவதற்குக் காரணம், அதில் நடித்த ஜான் ரிட்டர் உண்மையிலேயே இறந்துபோனதுதான். 2003 செப்டம்பர் 11, படப்பிடிப்புத் தளத்தில் இருக்கும்போதே உடம்புக்கு முடியாமல் போய், மாரடைப்பு என்று முதலில் நினைத்து, கடைசியில் பார்த்தால் இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி கிழிந்திருந்தது. வேறு ஆளைப் போடாமல் கதையிலும் அந்த அப்பா இறந்ததாகவே எழுதினார்கள். அது சரியான முடிவு.

சந்தேகம் என்றால் எண்ணிப் பாருங்கள்: முதல் சீசனில் 28 பகுதிகள், அடுத்த இரண்டு சீசன்களிலும் 24, 24. இரண்டாவதில் 4, 5 இரண்டும் அப்பா இறந்த செய்தி வரும் ‘குட்பை’ என்ற ஒரு மணி நேரப் பகுதியின் பாதிகள். ஒரே கோப்பாக இருந்தால் 23 தான் வரும், குறையில்லை. ‘குட்பை’யில் மற்றப் பகுதிகளைப்போலப் பின்னணியில் பார்வையாளர் சிரிப்புச் சத்தம் கேட்காது, அதையும் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள்.

ஒன்று மட்டும். போன வருடம் தகப்பனை இழந்த உங்கள் தங்கையின் பிள்ளைகளும் கூட இருந்து பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ‘குட்பை’யை முதலில் நீங்கள் தனியாகப் பாருங்கள். ஆரையம்பதியில் எங்கள் வீட்டில் இப்படித்தான் யோசிக்காமல் போட்டுவிட்டேன், தகப்பன் இல்லாத மருமகள் பாதியில் எழுந்து கிணற்றடிக்குப் போய் நின்றாள். இரண்டு நாள் கழித்து மிச்சத்தைப் போடச் சொல்லி அவளே கேட்டாள்.