பூனைக்குட்டிக்குத் தெள்ளு, எனக்குத் தூக்கமில்லை

கேள்வி: எனக்கு வயது 36. கோத்தகிரிக்குப் பக்கத்தில் இருக்கிறோம். மூன்று வாரத்துக்கு முன் என் பையன் (9 வயது) பள்ளிவிட்டு வரும்போது தேயிலைத் தோட்டத்து ஓரம் கத்திக்கொண்டிருந்த பூனைக்குட்டியை ஸ்வெட்டருக்குள் வைத்துத் தூக்கிவந்துவிட்டான். இரண்டு மாதக் குட்டி இருக்கும். மறுநாள் அதன் வயிற்றில் கறுப்பாக ஏதோ ஓடியது. தெள்ளுப்பூச்சி என்றார்கள். இப்போது என் கணுக்காலில் ஐந்தாறு தடிப்பு. தலை, முதுகு எல்லாம் ஏதோ ஊர்கிற மாதிரியே இருக்கிறது. ராத்திரி மூன்று தடவை எழுந்து டார்ச் அடித்துக் கம்பளியை உதறிப் பார்க்கிறேன், ஒன்றும் இருப்பதில்லை. நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. தெள்ளால் பிளேக் வரும் என்று படித்ததிலிருந்து சாப்பாடும் இறங்கவில்லை. மாமியார் சொன்னார் என்று போன வாரம் குட்டியின் கழுத்தில் நீலகிரித் தைலம் ஒரு சொட்டு தடவினேன்; வாயில் எச்சில் ஒழுகியது, பயந்துபோய்த் துடைத்துவிட்டேன். எங்காவது கொண்டுபோய் விட்டுவிடலாம் என்கிறார் கணவர். பையன் அழுகிறான். எனக்குப் பைத்தியம் பிடித்துவிடுமா டாக்டர்?

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்து முடிப்பதற்குள் நான் இரண்டு முறை முழங்காலைச் சொறிந்துகொண்டேன். எங்கள் வீட்டில் பூனையும் இல்லை, தெள்ளும் இல்லை. அரிப்பு கொட்டாவி மாதிரி, பேச்செடுத்தாலே தொற்றிக்கொள்ளும். தோலிலிருந்து மூளைக்கு நாள் முழுக்கச் சின்னச் சின்னச் செய்திகள் போய்க்கொண்டேதான் இருக்கின்றன: துணி உரசுவது, முடி அசைவது, வேர்வை காய்வது. சாதாரண நாளில் மூளை அதையெல்லாம் கண்டுகொள்வதில்லை. கோத்தகிரிக்காரர் உங்களுக்குத் தெரியாததா? தோட்டத்தில் ஒரே ஒருநாள் கரடியைப் பார்த்தவருக்கு அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒவ்வொரு தேயிலைப் புதரும் கரடிதான். உங்கள் தோலுக்கும் அதுதான் ஆகியிருக்கிறது. பைத்தியம் பிடிக்காது, சகோதரி. பயம் பிடித்திருக்கிறது, அது வேறு.

தீப்பெட்டிக்குள் தூசியையும் நூல்பிசிறையும் போட்டு எடுத்துவந்து “இதுதான் டாக்டர் அந்தப் பூச்சி” என்று நீட்டுகிறவர்கள் உண்டு. எவ்வளவு காட்டினாலும் அது நூல் என்று அவர்களால் ஒத்துக்கொள்ள முடியாது. நீங்களோ, “ஒன்றும் இருப்பதில்லை” என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு சொல் எனக்குப் போதும்.

முதலில் குட்டி. தைலத்தைத் துடைத்தீர்களே, நல்ல காரியம். நம் மலையில் தலைவலியானாலும் சளியானாலும் கை தைலப் புட்டிக்குத்தான் போகும். மாமியாரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பூனையின் கல்லீரலில் இதையெல்லாம் முறித்து வெளியேற்றும் நொதிகள் குறைவு. அதுவோ மேலில் பட்டதை நக்கியே தீரும். யூகலிப்டஸ் தைலம், விண்டர்கிரீன் தைலம், கற்பூரம் எதுவும் வேண்டாம். மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். நாய்க்கு விற்கும் தெள்ளு மருந்தில் பெர்மெத்ரின் இருக்கலாம். அது பூனைக்கு வலிப்பு வரவைத்து ஆளையே முடித்துவிடும். நாம் விழுங்கும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே போதும் பூனையைக் கொல்ல. ஒரு வாரம் கழிந்தும் குட்டி ஓடியாடிச் சாப்பிடுகிறதென்றால் தைலத்திலிருந்து தப்பிவிட்டது என்றே வைத்துக்கொள்ளலாம்.

கால்நடை மருத்துவரிடம் நாளைக்கே காட்டுங்கள். குட்டியின் வயதையும் எடையையும் பார்த்துப் பிடரியில் விடும் சொட்டு மருந்து தருவார். நாக்கு எட்டாத இடம் என்பதால்தான் பிடரி. போகும் முன் அதன் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். ரோஜா நிறமாக இருந்தால் சரி. வெளுத்துச் சுண்ணாம்பு மாதிரி இருந்தால் தெள்ளு ரத்தத்தை நிறையக் குடித்துவிட்டது என்று அர்த்தம். நாளை வரை காத்திருக்காமல் அன்றே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பூனை தெள்ளைக் கடித்து விழுங்கினால் நாடாப்புழுவும் வரும், வாலடியில் அரிசிமணி போல ஒட்டியிருக்கும். அதற்கும் அவரிடமே மருந்து கேளுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது பேன் சீப்பு வேலை. ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், அதில் பாத்திரம் கழுவும் சோப்பு கொஞ்சம். கழுத்திலிருந்து வால் வரைக்கும் சீவி, சீப்பைக் கிண்ணத்தில் முக்கினால் வேலை முடிந்தது. நகத்தில் வைத்து நசுக்காதீர்கள். பக்கவாட்டில் தட்டையான பூச்சி, வழுக்கிக்கொண்டு குதிக்கும். சீப்பில் கறுப்பாகப் பொடி வந்தால் நனைத்த வெள்ளைத் துணியில் தட்டுங்கள். மண் என்றால் மண்ணாகவே கிடக்கும். தெள்ளின் எச்சம் என்றால் செம்பழுப்பாகக் கசியும், குடித்த ரத்தம்தானே. இந்த வேலையைப் பையனிடமே கொடுங்கள். ஒன்பது வயசுக்கு இதைவிட நல்ல விளையாட்டு கிடையாது. முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், அவ்வளவுதான். ஐப்பசிக் குளிரில் குட்டியைக் குளிப்பாட்டுவது மட்டும் வேண்டாம், விறைத்துவிடும்.

இனி உங்கள் கணவரிடம் படித்துக் காட்ட வேண்டிய பகுதி. குட்டியை இன்றைக்கே கொண்டுபோய் விட்டாலும் தெள்ளு உங்கள் வீட்டைவிட்டுப் போகாது. ஒரு பெண் தெள்ளு ஒரு நாளில் 40 முட்டை வரைகூட இடும். முட்டை முடியில் ஒட்டாது. குட்டி படுத்த இடமெல்லாம் உதிரும். அதிலிருந்து வரும் புழு வெளிச்சத்துக்குப் பயந்து பலகை இடுக்கிலும் கம்பளத்தின் அடியிலும் போய்ப் பதுங்கும். பிறகு கூடு கட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிடும். கூட்டுக்குள் இருப்பதை எந்த மருந்தும் தொடாது. வாரக்கணக்கில், குளிரில் மாதக்கணக்கில்கூட, யாராவது நடக்கும் அதிர்வுக்கும் உடம்புச் சூட்டுக்கும் மூச்சுக்காற்றுக்கும் காத்திருக்கும். பூனை இருந்தால் வெளியே வந்து பூனைமேல் ஏறும். மருந்து விட்ட பூனையாக இருந்தால் அங்கேயே சாகும். பூனை இல்லையென்றால் உங்கள் கணுக்கால்தான். ஆக, இப்போதைக்கு உங்கள் வீட்டில் சரியான தெள்ளுப்பொறி அந்தக் குட்டிதான். அதை வெளியேற்றுவது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதைவிட மோசம். வீடும் போய்ப் பூச்சியும் மிஞ்சும்.

குட்டிக்கு ஒரு அட்டைப்பெட்டியும் பழைய ஸ்வெட்டரும் போதும், அங்கேயே படுக்கட்டும். அதையும் உங்கள் போர்வைகளையும் வாரம் ஒருமுறை நல்ல வெந்நீரில் துவையுங்கள். வெயில் முகம் காட்டாத வாரத்தில் இஸ்திரி போடுங்கள், தையல் ஓரங்களை விடாமல். பலகைத் தரை என்றால் இடுக்குகளில் வாக்வம் கிளீனர்; இல்லாவிட்டால் ஈர்க்குச்சியால் கிண்டிவிட்டு ஈரத்துணி. வீடு முழுக்க மருந்தடிக்க ஆளைக் கூப்பிட வேண்டாம், முதல் மாதத்தில் தேவைப்படாது.

இதில் நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. மருந்து விட்டு ஒரு வாரம் நிம்மதியாகப் போகும். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் திடீரென்று புதுத் தெள்ளு தெரியும். “மருந்து வேலை செய்யவில்லை, எல்லாம் போச்சு” என்று அன்றைக்கு ராத்திரி உங்கள் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அது பழைய கூட்டிலிருந்து கடைசியாகக் கிளம்புகிற கூட்டம். மாதம் ஒரு சொட்டு மருந்து என்று மூன்று மாதம் விடாமல் போட்டால் சங்கிலி அறுந்துவிடும். உங்கள் ஊர்க் குளிரில் இந்தச் சுற்று கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடும்.

பிளேக் பயம் புரிகிறது. கோவையில் பிளேக் மாரியம்மனுக்குக் கோயிலே இருக்கிறது. அந்தக் காலத்து மரணங்களின் நினைவு நம் பக்கத்தில் இன்னும் போகவில்லை. ஆனால் அதைப் பெரும்பாலும் பரப்பியது எலித் தெள்ளு. உங்கள் குட்டிமேல் இருப்பது பூனைத் தெள்ளு, வேறு இனம், பிளேக்கைப் பரப்புவதில் மட்டமான வேலைக்காரன். இன்று பிளேக்குக்கு மருந்தும் இருக்கிறது. பேனைப் பெருமாளாக்குவது என்பார்கள். நீங்கள் தெள்ளை ஆக்கியிருக்கிறீர்கள். மனிதத் தலையில் அது குடியிருக்காது, அதனால் தலையில் ஊர்வது அதுவல்ல.

நீங்கள் பயப்படாத ஒன்றுக்குத்தான் நான் பயப்படுகிறேன். குட்டி பையனைக் கீறியதா, கடித்ததா என்று ஒரு வரி இல்லை. பக்கத்திலேயே குன்னூரில் 1907-லிருந்து பாஸ்டர் நிலையம் இருக்கிறது. வெறிநாய்க்கடி சிகிச்சைக்கென்றே தொடங்கிய இடம். பூனை கீறினாலும் அதே நோய் வரலாம். இனி கீறல் பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தோலுக்குள் போடும் ஊசி 0, 3, 7, 28 ஆகிய நாட்களில், இலவசம். ரத்தம் வந்திருந்தால் புண்ணைச் சுற்றிப் போடும் இன்னொரு மருந்தும் தேவை. ஏற்கெனவே கீறியிருந்து, அதன்பிறகு 10 நாளுக்கு மேல் குட்டி நன்றாக இருந்தால் அந்தக் கீறலைப் பற்றிப் பயமில்லை, இருந்தாலும் ஒருமுறை சொல்லிவைத்துவிடுங்கள். குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் அதற்கும் ஊசி. கீறிய பிறகு பையனுக்கு அக்குளில் நெறி கட்டிக் காய்ச்சல் வந்தால் “வீட்டில் பூனை இருக்கிறது” என்று மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

உங்கள் கணுக்காலுக்கு ஐஸ் ஒத்தடம், காலமின் லோஷன். அரிப்பு தூங்கவிடாவிட்டால் ராத்திரி ஒரு செட்ரிசின் மாத்திரை, உங்களுக்கு வேறு நோயோ மருந்தோ இல்லையென்றால். மாமியாரின் தூக்க மாத்திரையைக் கடன் வாங்காதீர்கள்.

இப்போது டார்ச். ஒவ்வொரு முறை எழுந்து பார்க்கும்போதும் பத்து நிமிடம் நிம்மதி கிடைக்கிறது அல்லவா, அந்த நிம்மதிதான் வில்லங்கம். “பார்த்ததால்தான் தப்பித்தாய்” என்று மூளை குறித்துக்கொள்கிறது. அடுத்த அரை மணியில் மறுபடி எழுப்பிவிடுகிறது. ஒரேயடியாக நிறுத்தச் சொன்னால் உங்களால் முடியாது. படுக்கும் முன் ஒரே ஒரு தடவை பாருங்கள். பிறகு டார்ச்சைக் கணவர் பக்கம் வைத்துவிடுங்கள். நடுராத்திரி விழித்தால் எழ வேண்டாம். மூக்கால் நாலு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விடுங்கள், ஐந்து நிமிடம். அரிப்பு அலை மாதிரி ஏறும், இறங்கும். முதல் மூன்று நான்கு ராத்திரி கஷ்டமாகத்தான் இருக்கும், பொய் சொல்லமாட்டேன். “என்மேல் ஏதாவது இருக்கிறதா பாருங்கள்” என்று அவரை எழுப்பிக் கேட்பதும் டார்ச் அடிப்பதும் ஒன்றுதான்.

பார்த்தே ஆக வேண்டுமென்றால் பார்ப்பதற்கு ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை, முழங்கால் வரை வெள்ளை சாக்ஸ் மாட்டிக்கொண்டு எல்லா அறைகளிலும் பத்து நிமிடம் நடங்கள். சாக்ஸில் ஏறிய கறுப்புப் புள்ளிகளை எண்ணி, நாட்காட்டித் தாளில் எழுதுங்கள். மற்ற ஆறு நாளும் அந்த எண்ணே பதில்.

டீயையும் விசாரிக்க வேண்டும். நம் பக்கத்தில் விருந்தாளி வந்தால் டீ, மழை வந்தால் டீ, ஒன்றுமே வராவிட்டாலும் டீ. நாளைக்கு எத்தனை டம்ளர்? மதியம் இரண்டு மணிக்கு மேல் வேண்டாம். படபடப்பில் ஒரு பங்கு அதனுடையது. ரத்தத்தில் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடுங்கள், இவை இரண்டில் எது சரியில்லாவிட்டாலும் படபடப்பு வரும்.

ஒரு மாதம் கழித்தும் டார்ச் நிற்கவில்லை, வேலையெல்லாம் விட்டுவிட்டு மணிக்கணக்கில் துவைத்துக்கொண்டே இருக்கிறீர்கள், அல்லது வாழ்வதே சலித்துப்போகிறது என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். இதற்குப் பேச்சுச் சிகிச்சை உண்டு, பழக்கமாகிவிடாத மாத்திரைகளும் உண்டு. மலையிறங்க முடியாத நாளில் டெலி-மானஸ் 14416 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

நாட்காட்டித் தாளை எனக்கு அனுப்புங்கள். மூன்றாவது ஞாயிறு எண் கூடியிருந்தால் அன்றைக்கே எழுதாதீர்கள். ஐந்தாவது ஞாயிறையும் சேர்த்து எழுதுங்கள். குட்டிக்குப் பையன் என்ன பெயர் வைத்தான் என்பதையும்.